ஜீனி: பழைய கணினியிலும் திணறாத நிரலாக்கச் சூழல்

சி, சி++, பைத்தான் போன்ற மொழிகளில் சிறிய, நடுத்தர அளவிலான நிரல்களை எழுதிப் பழகுவோருக்கு, அதிலும் 2 ஜிபி அல்லது 4 ஜிபி நினைவகத்தோடு காலந்தள்ளும் கணினியை வைத்திருப்போருக்கு, எந்த எடிட்டர் நல்லது என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்லும் பெயர் ஜீனி. அந்தப் பரிந்துரையோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தே சொல்வது வழக்கம்: நிறுவிய கையோடு அதை அப்படியே பயன்படுத்தாமல், ஓர் அரை மணி நேரம் ஒதுக்கி அதன் அமைப்புகளைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அந்த அரை மணி நேரத்தைச் செலவிடாதவர்கள் "இது நோட்பேடுக்கு வண்ணம் பூசியதுதானே" என்று ஒதுக்கிவிடுவதையும், செலவிட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் அதைவிட்டு நகராமல் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த மதிப்பாய்வில் பெரும்பகுதியை அந்த அமைப்புகளே எடுத்துக்கொள்கின்றன.

என்ரிக்கோ ட்ரோகர் என்ற நிரலாளர் 2005 அக்டோபரில் ஜீனியின் முதல் பதிப்பை வெளியிட்டார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2023-இல் அதே அக்டோபரில் 2.0 பதிப்பும், பின்னர் 2025 ஜூலையில் 2.1 பதிப்பும் வந்தன. ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வரும் கட்டற்ற மென்பொருள் இது. சாளரம், மெனு, பொத்தான் ஆகியவற்றுக்கு ஜிடிகே என்ற நூலகத்தையும், நிரலை எழுதும் பகுதிக்கு சின்டில்லா என்ற கூறையும் பயன்படுத்துகிறது. விண்டோஸில் பலரும் அறிந்த நோட்பேட்++ எடிட்டருக்கு உள்ளே இருப்பதும் அதே சின்டில்லாதான் என்பதால், அங்கிருந்து வருபவர்களுக்கு வரிகளை மடித்து வைப்பதும், அடைப்புக்குறிகளின் இணையைக் கண்டுபிடிப்பதும் பழகியதாகவே தோன்றும். ராஸ்ப்பெரி பை கணினிகளுக்கான இயங்குதளத்தில் நிரலாக்க மெனுவைத் திறந்தவர்கள், தோனி என்ற பைத்தான் எடிட்டருக்குப் பக்கத்தில் ஜீனியையும் பார்த்திருப்பார்கள்.

இது எப்படி இவ்வளவு இலகுவாக இருக்கிறது என்பதற்கு விடை எளியது. இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் விஷுவல் ஸ்டுடியோ கோட், எலக்ட்ரான் என்ற அடித்தளத்தின்மேல் கட்டப்பட்டது. அதைத் திறக்கும்போது குரோமியம் உலாவியின் எஞ்சின் ஒன்றும் கூடவே திறந்துகொள்கிறது. எக்லிப்ஸைத் திறந்தால் ஜாவா மெய்நிகர் எந்திரம் வருகிறது. ஜீனி நேரடியாக சி, சி++ மொழிகளில் எழுதப்பட்டு, இயங்குதளத்தில் ஏற்கெனவே இருக்கும் நூலகங்களோடு பேசுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. கம்பைல் செய்வது, பல கோப்புகளுக்குள் தேடுவது, பிழை பார்ப்பது ஆகிய வேலைகள் எதையும் ஜீனி தானே செய்வதில்லை. ஜிசிசி (கம்பைலர்), மேக் (பல கோப்புகள் கொண்ட நிரலைக் கட்டும் கருவி), கிரெப் (தேடும் கருவி) என்று ஏற்கெனவே நன்றாக வேலை செய்யும் கருவிகளை அழைத்து, அவை சொல்வதைக் கீழே உள்ள பலகத்தில் காட்டுகிறது. எந்தக் கட்டளையை அழைத்தது என்பதையும் மறைக்காமல் அந்தப் பலகத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறது. நிரல் கற்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உபுண்டு, டெபியன், மின்ட் ஆகியவற்றில் நிறுவுவதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. மென்பொருள் மையத்தில் தேடி நிறுவலாம், அல்லது டெர்மினலில் ஏபிடி கட்டளையைக் கொடுக்கலாம். ஜீனியோடு, கூடுதல் வசதி தரும் செருகுநிரல்கள் அடங்கிய "ஜீனி-பிளக்கின்ஸ்" என்ற தொகுப்பையும் சேர்த்து நிறுவிவிடுவது நல்லது. இரண்டும் தனித்தனித் தொகுப்புகள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸில்தான் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜீனியின் விண்டோஸ் நிறுவியில் எடிட்டர் மட்டுமே வரும், கம்பைலர் வராது. ஜிசிசியைத் தரும் எம்எஸ்ஒய்எஸ்2 போன்ற ஒன்றை நிறுவி, ஜிசிசி இருக்கும் கோப்புறையை, கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் விண்டோஸின் "பாத்" மாறியில் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்கும்போது ஜீனி திறந்திருந்தால் அதை மூடித் திறக்கவும் வேண்டும். ஏனெனில் ஒரு மென்பொருள் தான் தொடங்கிய நேரத்தில் இருந்த பாத் மதிப்பையே கடைசிவரை வைத்திருக்கும். "எல்லாம் சரியாகச் செய்தேன், ஜிசிசி கிடைக்கவில்லை என்றே சொல்கிறது" என்று வருபவர்களில் பாதிப்பேருக்கு இந்த மூடித் திறத்தலே மருந்து.

நம் கல்லூரிகள் பலவற்றில் முதலாண்டு மாணவர்கள் இன்றும் டர்போ சி++ இல் தொடங்குகிறார்கள் என்பதால், அங்கிருந்து ஜீனிக்கு வருவோர் சந்திக்கும் அதிர்ச்சியைச் சொல்லியாக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் டாஸ் இயங்குதளத்துக்காக வந்த அந்த மென்பொருளை டாஸ்பாக்ஸ் என்ற போலி டாஸுக்குள் ஓடவிட்டு, நீலத் திரையில் எழுதிப் பழகிய மாணவர், அதே நிரலை லினக்ஸில் ஜீனியில் ஒட்டிக் கம்பைல் செய்தால், "கோனியோ.எச் என்ற கோப்பு இல்லை" என்று முதல் அடி விழும். அந்த வரியையும், திரையைத் துடைக்கும் கிளியர்-ஸ்கிரீன் கட்டளையையும், கடைசியில் நிரலை நிறுத்திவைக்கும் கெட்ச் கட்டளையையும் நீக்கிவிட்டு மறுபடி முயன்றால், மெயின் செயற்கூறு இன்ட் வகையாக இருக்க வேண்டும் என்று எச்சரிக்கை வரும். இவற்றை ஜீனியின் குறை என்று சிலர் நினைக்கிறார்கள். இவை ஜிசிசி சொல்பவை. சி மொழியின் தரவரையறையை ஒட்டிச் சொல்பவை. டர்போ சியில் இன்ட் 16 பிட் கொண்டது, இன்றைய ஜிசிசியில் 32 பிட். 32,767-க்கு மேல் போனால் எதிர்மறை எண் வருகிறது என்று அங்கே மனப்பாடம் செய்த விடை இங்கே பொருந்தாது. இந்த மாற்றத்தை ஒரு நாள் சிரமமாக ஏற்றுக்கொண்டுவிடலாம்.

இனி அமைப்புகளுக்கு வருவோம். ஜீனியில் எல்லாவற்றுக்கும் மையம் "பில்ட்" மெனுதான். ஒரு சி கோப்பைத் திறந்து அந்த மெனுவைப் பார்த்தால், கம்பைல் என்பதற்கு எஃப்8, பில்ட் என்பதற்கு எஃப்9, எக்ஸிக்யூட் என்பதற்கு எஃப்5 என்று விசைகள் இருக்கும். புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுவே. எஃப்8 அழுத்தியதும் "கம்பைல் வெற்றிகரமாக முடிந்தது" என்ற செய்தி வருகிறது. மகிழ்ச்சியோடு எஃப்5 அழுத்தினால், டெர்மினல் திறந்து, அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது. எஃப்8 உருவாக்குவது ஆப்ஜெக்ட் கோப்பை மட்டுமே. அதை நூலகங்களோடு இணைத்து ஓடக்கூடிய கோப்பாக மாற்றுவது எஃப்9. இரண்டையும் ஒரே பொத்தானுக்குள் ஒளித்துவைக்கும் சூழல்களில் பழகியவருக்கு இது தேவையற்ற தொல்லையாகத் தெரியலாம். ஆனால் கம்பைல் செய்வது வேறு, இணைப்பது வேறு என்பதைக் கரும்பலகையில் எழுதிப் புரியவைப்பதைவிட இந்த இரண்டு விசைகள் எளிதாகப் புரியவைத்துவிடுகின்றன.

அதே மெனுவின் அடியில் "செட் பில்ட் கமாண்ட்ஸ்" என்று ஒன்று உண்டு. அதைத் திறந்தால் ஒவ்வொரு விசைக்கும் பின்னால் என்ன கட்டளை ஓடுகிறது என்பது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். தேவைக்கேற்ப மாற்றவும் செய்யலாம். கட்டளையில் சதவீதக் குறியை அடுத்து ஓர் ஆங்கில எழுத்து வரும் இடங்களை ஜீனி தானே நிரப்பிக்கொள்ளும்: எஃப் (f) என்றால் திறந்திருக்கும் கோப்பின் விரிவுப்பெயரோடு கூடிய பெயர், இ (e) என்றால் விரிவுப்பெயர் நீங்கிய பெயர், டி (d) என்றால் அது இருக்கும் கோப்புறை, பி (p) என்றால் திட்டத்தின் அடிக்கோப்புறை. இவற்றைச் சுற்றி இரட்டை மேற்கோள் குறிகள் இருப்பதைக் கவனித்து, மாற்றும்போது அவற்றை அழிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோப்புப் பெயரில் ஓர் இடைவெளி இருந்தாலும், மேற்கோள் இல்லாவிட்டால் ஜிசிசி அதை இரண்டு கோப்புகள் என்று எடுத்துக்கொள்ளும்.

ஜீனியோடு வரும் சி மொழிக் கட்டளையில், எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் "டபிள்யூ-ஆல்" (-Wall) என்ற ஆப்ஷன் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு இன்னும் சில எச்சரிக்கைகளைக் கேட்டுவாங்கும் "டபிள்யூ-எக்ஸ்ட்ரா" (-Wextra) என்பதையும், பிழைதிருத்தத்துக்கு உதவும் "ஜி" (-g) என்பதையும் நான் சேர்த்துவிடுவேன். எச்சரிக்கைகளை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கற்பவர் செய்யும் தவறுகளில் பல, கம்பைலர் பார்வையில் பிழைகளே அல்ல. ஸ்கேன்எஃப் கட்டளையில் மாறியின் பெயருக்கு முன் ஆம்பர்சாண்ட் குறியை விட்டுவிட்டால் நிரல் கம்பைல் ஆகிவிடும், ஓடும்போது விழுந்துவிடும். இஃப் நிபந்தனையில் இரட்டைச் சமக்குறிக்குப் பதில் ஒற்றைச் சமக்குறி போட்டால் நிரல் ஓடவும் செய்யும். விடை மட்டும் தவறாக வரும். இந்த இரண்டையும் டபிள்யூ-ஆல் பிடித்துவிடுகிறது. கணிதச் செயற்கூறுகளைப் பயன்படுத்துவோர், கணித நூலகத்தை இணைக்கும் "எல்எம்" (-lm) என்ற ஆப்ஷனையும் பில்ட் கட்டளையில் சேர்க்க வேண்டும். அதைக் கோப்புப் பெயருக்குப் பின்னால், கட்டளையின் கடைசியில் சேர்க்க வேண்டும். இணைப்பி இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும் என்பதால், முன்னால் போட்டால் வர்க்கமூலச் செயற்கூறு கிடைக்கவில்லை என்று சொல்ல வாய்ப்பு உண்டு.

பிழை வந்தால் ஜீனி அதைக் காட்டும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. பிரின்ட்எஃப் வரியின் முடிவில் அரைப்புள்ளியை விட்டுவிட்டுக் கம்பைல் செய்து பாருங்கள். கீழே கம்பைலர் பலகத்தில், ஓடிய ஜிசிசி கட்டளை முதல் வரியாக நிற்கும். அதன்கீழ் கோப்புப் பெயர், வரி எண், "ரிட்டர்ன் என்பதற்கு முன் அரைப்புள்ளியை எதிர்பார்த்தேன்" என்ற செய்தி சிவப்பில் இருக்கும். எடிட்டரில் அந்த வரிக்குக் கீழே சிவப்பு நெளிகோடு விழும். சிவப்பு வரியைச் சொடுக்கினால் எடிட்டரின் குறி அந்த இடத்துக்கே போய் நிற்கும். இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஜிசிசி அச்சிடும் வரியில் கோப்புப் பெயரும் எண்ணும் எங்கே இருக்கின்றன என்று ஒரு வடிவக் கோவையை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) வைத்து ஜீனி பொறுக்கி எடுக்கிறது. அந்தக் கோவையையும் அதே உரையாடல் பெட்டியில் நாம் மாற்றலாம் என்பதால், அதிகம் அறியப்படாத ஒரு கம்பைலரைக்கூட இதனோடு பொருத்திவிட முடியும். நிரலை ஓட்டாமலே அதில் குறைகளைத் தேடும் லின்ட் என்ற கட்டளையும் இப்படித்தான் வேலை செய்கிறது: சி கோப்புகளுக்கு அது சிபிபி-செக் என்ற கருவியை அழைக்கிறது, விடையை ஜிசிசி பாணியிலேயே தருமாறு கேட்டுவாங்குகிறது. அந்தக் கருவியைத் தனியாக நிறுவியிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

நிரலை ஓட்டும்போது ஜீனி ஓர் உண்மையான டெர்மினலைத் திறக்கிறது. சில எடிட்டர்களில் வெளியீட்டைக் காட்டும் பலகம் படிக்க மட்டுமே உதவும். எண்ணைக் கொடு என்று நிரல் கேட்டால் பதில் தட்டச்சிட வழியிருக்காது. இங்கே அந்தச் சிக்கல் இல்லை. நிரல் முடிந்ததும் அது எந்த எண்ணைத் திருப்பித் தந்தது என்பதையும் காட்டி, என்டர் விசைக்காகக் காத்திருக்கும். ஆகவே சாளரம் மின்னலடித்து மறைந்துபோகும் தொல்லையும் இல்லை, கெட்ச் கட்டளைக்கும் தேவையில்லை. மெயின் செயற்கூறு சுழியத்தைத் திருப்பித் தருவதற்கு என்ன பொருள் என்று மாணவர் கேட்கும் கேள்விக்கு, சுழியம் தவிர வேறோர் எண்ணைத் திருப்பித் தரச்செய்து அந்த வரியைக் காட்டினாலே போதும். லினக்ஸில் சாளரத்துக்கு உள்ளேயே ஒரு டெர்மினல் பலகம் உண்டு. விருப்பத்தேர்வுகளில் நிரலை அதற்குள்ளேயே ஓட்டுமாறு சொல்லலாம். திறந்திருக்கும் கோப்பின் கோப்புறைக்கே அது தானாக மாறிக்கொள்ளுமாறும் சொல்லலாம். விண்டோஸில் இந்தப் பலகம் இல்லை. எஃப்5 அழுத்தியும் டெர்மினல் எதுவும் திறக்கவில்லை என்றால், விருப்பத்தேர்வுகளின் கருவிகள் பகுதியில் டெர்மினல் கட்டளை எதைச் சுட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அங்கே குறிப்பிட்டிருப்பது உங்கள் கணினியில் இல்லாத டெர்மினலாக இருக்கக்கூடும்.

பைத்தான் எழுதுவோர் இரண்டு இடங்களைச் சரிபார்த்தால் போதும். ஓட்டும் கட்டளையில் எண் இல்லாமல் பைத்தான் என்று மட்டும் இருந்து, உங்கள் லினக்ஸ் பதிப்பில் பைத்தான்3 என்ற பெயரே செல்லுபடியாகுமென்றால், அதை மாற்றிவிட வேண்டும். அடுத்தது உள்தள்ளல். ஜீனியின் பொது அமைப்பில் உள்தள்ளலுக்கு டேப் எழுத்தே பயன்படுகிறது. இணையத்திலிருந்து எடுக்கும் பைத்தான் நிரல்களில் நான்கு இடைவெளிகள் இருக்கும். இரண்டும் ஒரே தொகுதிக்குள் கலந்தால், கண்ணுக்கு ஒரே நேர்கோட்டில் இருக்கும் வரிகளைப் பார்த்துப் பைத்தான் சண்டைக்கு வரும். விருப்பத்தேர்வுகளில் உள்தள்ளலை இடைவெளிக்கு மாற்றி, அகலத்தை 4 என்று வைத்துவிட்டால் இது தீரும். ஏற்கெனவே கலந்துபோன கோப்புக்கு, "டாக்குமென்ட்" மெனுவில் டேப்களை இடைவெளிகளாக மாற்றும் கட்டளை இருக்கிறது. "மேக்" கோப்புகளுக்கு மட்டும் டேப்தான் வேண்டும் என்பதை நினைவில் கொள்க. கோப்பைச் சேமிக்கும்போது வரிமுடிவில் தேவையின்றிக் கிடக்கும் இடைவெளிகளை நீக்குவது, கடைசி வரிக்குப் பின் ஒரு புதுவரியைச் சேர்ப்பது ஆகிய இரண்டு தெரிவுகளையும் அப்படியே குறியிட்டுவிடுங்கள்.

இடப்பக்கப் பலகத்தில் அந்தக் கோப்பில் உள்ள செயற்கூறுகள், மாறிகள், கட்டமைப்புகள் எல்லாம் பட்டியலாக நிற்கும். இதற்குப் பின்னால் இருப்பது சிடேக்ஸ் என்ற பழைய, நம்பகமான தொழில்நுட்பம். ஒரு செயற்கூறின் பெயரில் குறியை வைத்துக் கண்ட்ரோலோடு ஆங்கில "டீ" (T) எழுத்தை அழுத்தினால் அது வரையறுக்கப்பட்ட இடத்துக்குப் போகலாம். ஆல்ட்டோடு இடப்பக்க அம்பு விசையை அழுத்தினால் திரும்பி வரலாம். பெயர்களைத் தானாக நிறைவு செய்வதும் இதே பட்டியலை நம்பித்தான். நான்கு எழுத்துகள் அடித்தபின் பரிந்துரை வரும், எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். இங்கே எதிர்பார்ப்பை அடக்கி வைக்க வேண்டும்: இந்த மாறி எந்த வகையைச் சேர்ந்தது, இதற்குப் பொருந்தும் செயற்கூறுகள் எவை என்று ஜீனி ஆழ்ந்து யோசிப்பதில்லை. பெரிய நூலகங்களைப் பயன்படுத்தும் சி++ நிரலில் அது தரும் பரிந்துரை, இருட்டில் தடவிப் பார்ப்பது போலவே இருக்கும். நிரலை ஆராய்ந்து பரிந்துரை சொல்லும் தனி நிரல்களான மொழிச் சேவையகங்களோடு பேசி இந்தக் குறையைத் தீர்க்கும் செருகுநிரல் ஒன்று வந்திருக்கிறது. ஆனால் அதைப் பொருத்தினால் சேவையகமும் கூடவே ஓட வேண்டும், அது தனக்கு வேண்டிய நினைவகத்தைக் கேட்கும், இலகு என்று சொல்லி வந்ததன் பயனில் ஒரு பங்கு போய்விடும்.

துணுக்குகள் என்ற வசதியை மட்டும் யாரும் தவறவிடக் கூடாது. "ஃபார்" என்று ஆங்கிலத்தில் அடித்து டேப் விசையை அழுத்தினால் சுழற்சியின் முழுச் சட்டமும் விரிந்து, நிபந்தனை எழுத வேண்டிய இடத்தில் குறி நிற்கும். கருவிகள் மெனுவில் அமைப்புக் கோப்புகளுக்குள் துணுக்குகளுக்கான கோப்பு இருக்கிறது. அதில் மொழிவாரியாக நம் சொந்தத் துணுக்குகளை எழுதிச் சேமித்தால் போதும். மெயின் செயற்கூறோடு கூடிய வெற்றுச் சி நிரல் ஒன்றை ஒரே சொல்லில் விரியவைப்பது, மாணவர்கள் முதலில் செய்துகொள்ளும் துணுக்காக இருக்கிறது. தேர்வு வரைக்கும் அந்தச் சட்டத்தைக் கையால் எழுதிப் பழகுங்கள் என்று சொல்லிப் பார்ப்பேன்; கேட்பவர் குறைவு.

தமிழ்ச் சரங்களோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல். கோப்புகள் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்கப்படுவதால் தமிழ் உரை எழுதுவதிலும் சேமிப்பதிலும் சிக்கல் இல்லை. நிரலுக்கான சம அகல எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லாவிட்டால், லினக்ஸ் வேறோர் எழுத்துருவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும். ஆனால் அப்போது அகலம் ஒத்துவராது. நெடுவரிசைகளை நேராக அமைக்க முயன்றால் கோணும். குறியை நகர்த்தும்போதும் ஒரு விசித்திரம் உண்டு. "தமிழ்" என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. சின்டில்லாவுக்கு அது ஐந்து குறியீடுகள் என்பதால், அம்பு விசையை ஐந்து முறை அழுத்தித்தான் அதைக் கடக்க முடியும். யூடிஎஃப்-8 இல் அதே சொல் 15 பைட் பிடிக்கும் என்பதையும், சி மொழியின் சர நீளச் செயற்கூறு அந்த 15-ஐத்தான் சொல்லும் என்பதையும் அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. விண்டோஸில் நிரல் அச்சிடும் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஜீனியைக் குறை சொல்லாமல், நிரல் ஓடும் கமாண்ட் சாளரத்தின் குறியாக்கத்தையும் எழுத்துருவையும் பார்க்க வேண்டும்.

பல கோப்புகள் கொண்ட வேலைக்குத் திட்டம் ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். அது ஓர் எளிய உரைக் கோப்பு. திறந்திருந்த கோப்புகளையும், அந்தத் திட்டத்துக்கு மட்டுமான பில்ட் கட்டளைகளையும் உள்தள்ளல் முறையையும் நினைவில் வைத்துக்கொள்ளும். திட்டத்தில் எழுதிய கட்டளை, மொழிக்கு எழுதிய பொதுக் கட்டளையை மேவும் என்ற வரிசையைப் புரிந்துகொண்டால், "அங்கே மாற்றினேன், இங்கே மாறவில்லை" என்ற குழப்பம் வராது. மேக் கோப்பு வைத்திருப்போர் ஷிஃப்ட்டோடு எஃப்9 அழுத்தினால் மேக் ஓடும். திட்டக் கோப்பில் உங்கள் கணினியின் முழுக் கோப்புறைப் பாதைகள் இடம்பெறும் என்பதால், நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து குழுவாகப் பகிரும் கிட் களஞ்சியத்தில் அதைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

செருகுநிரல்களில் கோப்புறைகளை மரமாகக் காட்டும் ட்ரீ பிரவுசர், கிட் மாற்றங்களை ஓரத்தில் வண்ணக்கோடாகக் காட்டும் கிட்-சேஞ்ச்-பார், அடைப்புக்குறியைத் தானே மூடும் ஆட்டோ-குளோஸ், திரையை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்-விண்டோ ஆகிய நான்கும் போதும் என்பது என் கருத்து. மின்சாரம் அடிக்கடி போகும் இடங்களில், தானே சேமிக்கும் சேவ்-ஆக்ஷன்ஸ் செருகுநிரலையும் இயக்கி வையுங்கள். சேமிக்காத கோப்பின் தாவலில் பெயர் சிவப்பாக மாறும் என்பது உண்மையே. ஆனால் மின்சாரம் போவதற்கு முன் அதைக் கவனிக்க நேரம் கிடைப்பதில்லை. இருண்ட வண்ணத்தை விரும்புவோர், "ஜீனி-தீம்ஸ்" என்ற தொகுப்பிலிருந்து வண்ணத் திட்டக் கோப்புகளை எடுத்துத் தங்கள் அமைப்புக் கோப்புறையில் போட்டுக்கொள்ளலாம். எழுதும் பகுதி மட்டுமே அதனால் மாறும். மெனுக்களும் பலகங்களும் கணினியின் ஜிடிகே தோற்றத்தையே பின்பற்றும் என்பதால், நடுவில் கறுப்பும் சுற்றிலும் வெள்ளையுமாகச் சிலருக்குத் தெரியும்.

குறைகளில் முதன்மையானது பிழைதிருத்தி. வரி ஓரத்தில் சொடுக்கி நிரலை அங்கே நிறுத்தி, மாறிகளின் மதிப்பைப் பக்கத்துப் பலகத்தில் பார்க்கும் வசதி ஜீனியின் அடிப்படையில் இல்லை. "ஜி" ஆப்ஷனோடு பில்ட் செய்து, கீழே உள்ள டெர்மினலில் ஜிடிபி என்ற பிழைதிருத்தியைக் கையால் ஓட்டுவதே நான் செய்வது. ஜிடிபி கட்டளைகளில் நான்கைந்தைக் கற்றுக்கொண்டால் கல்லூரி அளவிலான நிரல்களுக்கு அது போதும். ஆனால் ஒரே நேரத்தில் பல திரிகள் (த்ரெட்) ஓடும் நிரலில் சிக்கலைத் தேடுபவரிடம் இதையே பயன்படுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டாவது, பல இடங்களில் ஒரே நேரத்தில் குறியை வைத்துத் திருத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு இங்கே கை கட்டப்பட்டது போல இருக்கும். மூன்றாவது, அமைப்புகள் சிதறிக் கிடக்கின்றன: சில விருப்பத்தேர்வுகளில், சில பில்ட் மெனுவில், சில நேரடியாகத் திருத்த வேண்டிய உரைக் கோப்புகளில், சில செருகுநிரல் மேலாளரில். ஒன்றைத் தேடி நான்கு இடங்களைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்பதை முன்னரே சொல்லிவிடுவது நேர்மை. ஜாவாவில் பெரிய திட்டங்களில் வேலை செய்வோரும், ஜாவாஸ்கிரிப்ட் சட்டகங்களை நம்பி நாள் முழுவதும் எழுதுவோரும் இதைக் குறிப்பெடுக்கும் எடிட்டராக வைத்துக்கொண்டு, முதன்மைச் சூழலாக வேறொன்றைத் தேர்ந்தெடுப்பதே சரி.

ஆய்வகத்தில் பல கணினிகளுக்கு ஒரே அமைப்பைக் கொண்டுசேர்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு, லினக்ஸில் எல்லாமே பயனரின் இல்லக் கோப்புறைக்குள் "கான்ஃபிக்" கோப்புறையில் ஜீனி என்ற பெயரில் உரைக் கோப்புகளாக இருப்பது பெரிய வசதி. ஒரு கணினியில் திருத்தமாக அமைத்து, மொழிவாரிக் கட்டளைகள் இருக்கும் "ஃபைல்டெஃப்ஸ்" கோப்புறையையும் துணுக்குக் கோப்பையும் விசைகளுக்கான கோப்பையும் மற்றவற்றுக்கு நகலெடுத்தால் வேலை முடிந்தது. முதன்மை அமைப்புக் கோப்பையும் நகலெடுப்பதானால் அந்தக் கணினியில் ஜீனியை மூடிவிட்டுச் செய்ய வேண்டும். மூடும்போது தன்னிடம் உள்ள அமைப்புகளை அது திரும்ப எழுதும் என்பதால், திறந்திருக்கும்போது வைத்த கோப்பு அடுத்த நிமிடமே அழிந்துபோகும். நகலெடுத்த பின் ஒரு கணினியிலேனும் ஒரு சி கோப்பைத் திறந்து எஃப்9, எஃப்5 இரண்டையும் அழுத்திப் பார்த்துவிட்டு, அதன்பிறகு மாணவர்களை உள்ளே அழையுங்கள்.